அடைக்கலம் குளிச்சிட்டு இருக்காரு

என் நாற்பத்தெட்டு. கையிலிருக்கும் சீட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும். ஒலிபெருக்கியில் வரும் பெண்குரல் இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது அந்த எழுத்து தமிழ் 'என்' போலவே காதில் விழுகிறது. என் நாற்பத்தொன்று, கவுண்ட்டர் பி மூன்று. என் முப்பத்தொன்பது, கவுண்ட்டர் பி ஆறு. எல்லாரையும் தன்னுடைய ஆள் என்று கூப்பிடுகிறாள், கூப்பிட்டதும் மறந்துவிடுகிறாள். எனக்கும் வயது நாற்பத்தெட்டுதான். பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் சீட்டுக் கொடுத்தவன் முகத்தைப் பார்த்தே போட்டுவிட்டான் போல. ஏ கவுண்ட்டர் முடிந்துவிட்டது. அங்கே ஒரு சின்னப் பெண் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தாள், பிறகு விரல்களைத் தட்டில் வைக்கச் சொன்னாள். "அழுத்துங்க சார். இன்னும் அழுத்துங்க. ரேகையே விழ மாட்டேங்குது, என்ன வேலை பாக்குறீங்க?" சிங்கப்பூரில் சாரம் கட்டுகிற வேலை என்றேன். இருபது வருஷம் இரும்புக் குழாயைப் பிடித்த விரல், அதில் என்ன மிச்சம் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து நான்காவது தடவை வைத்தபோது பிடித்தது. "ஓகே அடைக்கலம் சார், அடுத்தது பி. போய் உட்காருங்க" என்றாள். பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்து வாசித்திருக்கிறாள், பாவம், அவள் என்ன செய்வாள். இன்றைக்குத்தான் கடைசி, யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவது. அதை அவளிடம் சொல்ல நினைத்தேன். இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து இரும்பு நாற்காலிகளை ஒரே கம்பியில் பூட்டியிருக்கிறார்கள். ஒருவர் காலை ஆட்டினால் ஐந்து பேரும் ஆடவேண்டும்.

என் பெயர் நீலமேகம். அடைக்கலம் என் அப்பன். பள்ளிக்கூடச் சான்றிதழில் அ. நீலமேகம், ரேஷன் அட்டையில் அ. நீலமேகம், எங்கேயும் ஒரு குழப்பமும் இல்லை. முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அந்த ஓர் எழுத்தை விரித்து எழுது என்றார்கள். டவுனில் ஒரு ஏஜென்சி, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு டைப் அடிக்கிற பெண். விண்ணப்பத்தில் இரண்டு கட்டம், கிவன் நேம், சர்நேம். முன்னால் இருப்பது முன்னால், பின்னால் இருப்பது பின்னால் என்று அவள் நினைத்தாள். முன் கட்டத்தில் அடைக்கலம், பின் கட்டத்தில் நீலமேகம். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு போய்க் கேட்டேன். ஏஜெண்டு வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "ஏன் தம்பி, இனிஷியல் முன்னாடி வருதா பின்னாடி வருதா? முன்னாடிதானே. அப்ப முன்னாடிதானே போடணும், புள்ள சரியாத்தான் போட்டுருக்கா. அங்க போய்ச் சொல்லிக்கலாம், போ." அங்கே போய் யாரிடம் சொல்ல. விமான நிலையத்தில் கம்பெனி ஆள் பிடித்திருந்த அட்டையிலேயே அடைக்கலம். தலைக்கவசத்தில் ஒட்டிய பெயர் அடைக்கலம், படுக்கையின் கால்மாட்டில் எழுதியது அடைக்கலம், சீன மேஸ்திரிக்கு அது 'ஆடாய்'. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவனை அழவைக்க வேண்டுமானால் அடிக்கத் தேவையில்லை, அவன் அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஆறாவது படிக்கும்போது மருதை என்பவன் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து "ஏ அடைக்கலம்!" என்று கத்தினான். ஓடிப்போய் அவன் சட்டையைக் கிழித்தேன், பல் ஒன்று ஆடியது, அவனுடையதா என்னுடையதா என்று இப்போது நினைவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாட்டுக்கே போய் இருபது வருஷம் எல்லார் வாயாலும் அதே பெயரால் கூப்பிடப்பட்டேன். எத்தனை சட்டையைக் கிழிப்பது. முதல் மாதம் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது மாதம் திரும்பிப் பார்த்தேன். ஒரு வருஷம் கழித்து, நீலமேகம் என்று யாராவது கூப்பிட்டால்தான் யாரோ என்று இருந்தது.

என் நாற்பத்துமூன்று. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து திரையைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார், ஐந்து பேரும் ஆடினோம். வெள்ளைத் தொப்பி, மடியில் மஞ்சள் பை. "நாகூர்கனி" என்று தானாகவே சொன்னார். "மக்காவுக்குப் போகணும் தம்பி. போன தடவ வந்தப்ப திருப்பி அனுப்பிட்டாங்க. ஆதார்ல நாகூர்கனி. ஓட்டு அட்டையில நாகூர் தனி, கனி தனி. பழைய பாஸ்போர்ட்டுல கனிக்கு ரெண்டு என் போட்டுட்டான். நான் ஒரே ஆளு, கவருமெண்டுக்கு மூணு ஆளு. மூணு பேருக்கும் சேத்து ஒரே வயிறு, அதுலயும் சுகர்." அவர் சிரித்தபோது நாற்காலி வரிசையும் சேர்ந்து சிரித்தது. "தம்பிக்கு என்ன பேரு?" நீலமேகம் பாய் என்றேன். நிறுத்தி, நிதானமாக, புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்பது போல. "நல்ல பேரு. பாஸ்போர்ட்டுலயும் அதானே?" இன்றைக்கு ஆகிவிடும் என்றேன். நேற்று பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தை நிரப்பிய பையன், பெயரில் மாற்றம் உண்டா என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். உண்டு என்று போடு என்றேன். தவமணியிடம்கூடச் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் சொன்னால் பர்மிட் என்னாகும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு என்ன எழுதுவது என்று நூறு கேள்வி. கம்பெனியிலிருந்து போனில் சொல்லியிருக்கிறார்கள்: பாஸ்போர்ட் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது, புதிது எடுத்து அனுப்பினால்தான் பர்மிட் நீட்டிக்க முடியும், இந்த மாதம் இருபத்தெட்டுக்குள், ஓர் எழுத்து மாறக்கூடாது. ஓர் எழுத்தும் மாறவில்லை ஐயா. இடம்தான் மாறுகிறது. பின்னால் கிடந்தவன் முன்னால் வருகிறேன், முன்னால் நின்றவனைப் பின்னால் தள்ளுகிறேன். அவனைத் தள்ள எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது, ஆத்தா சாகவேண்டியிருந்திருக்கிறது.

ஆத்தாவை நினைக்கக்கூடாது என்று இருந்தேன். இங்கே குளிர்பெட்டிக் காற்று நேராகத் தலையில் விழுகிறது, நனைந்த தலையோடு நிற்பதுபோல. அப்பன் தலை காயாமல் பஸ் ஏறினான் என்றுதான் ஊரில் சொன்னார்கள். எனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பம்புசெட்டுல குளிச்சிட்டு வர்றேன், சோத்தப் போட்டு வை" என்று போனான். ஆத்தா போட்டு வைத்தாள். கருவாட்டுக் குழம்பு. மத்தியானம் வரை ஈயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கிணற்றில் பாதாளக்கரண்டி போட்டுத் தேடினார்கள், இரண்டு வாளியும் ஒரு குடமும் வந்தன. சாயங்காலம் ஒருவர் வந்து சொன்னார், மெயின் ரோட்டில் பார்த்தாராம், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பஸ்ஸில் ஏறினானாம், கூட ஒரு பொம்பளையும் ஏறினாளாம். ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர்வண்டி ஓட்டுகிறவன், ஆந்திராவா மராட்டியமா, எங்கே வேண்டுமானாலும் போகலாம். போனான். ஆத்தா அழவில்லை. அந்தத் தட்டை எடுத்து நாய்க்குக் கொட்டினாள், தட்டைப் பரணில் போட்டாள், அதற்குப் பிறகு அவன் பெயரை அவள் சொல்லவில்லை. கட்டிய நாளிலிருந்தே சொல்லாதவள்தான், ஆனால் அதற்கு முன்னால் சொல்லாமல் இருந்தது வேறு. அந்த ஆளு என்பாள். கழுத்தில் கிடந்ததை மட்டும் கழற்றவில்லை. யாராவது கேட்டால், "செத்தான்னு யாரு பாத்தா?" என்பாள். வெறுப்பாகத்தான் சொல்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தப்பாக எல்லாம் நினைக்க முடிகிறது.

சிங்கப்பூர் போன இரண்டாவது மாதம். எனக்குத் தனியாகப் போன் இல்லை, அறையில் பன்னிரண்டு பேருக்கு மூன்று போன். மன்னார்குடிக்காரன் வீரமணியின் எண்ணைத்தான் ஆத்தாவிடம் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான், ஆத்தா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். என்ன கேட்டாளோ, மகன் இருக்கானா என்று கேட்டிருப்பாள். வீரமணி நல்லவன், மரியாதை தெரிந்தவன். "யாரு, அடைக்கலத்து வீட்லயா? அடைக்கலம் குளிச்சிட்டு இருக்காரு, வந்ததும் பேசச் சொல்றேங்க" என்றிருக்கிறான். மறுமுனையில் சத்தமே இல்லை என்றான் பிறகு. மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டதாம், பிறகு கட் ஆகிவிட்டதாம். நான் ஈரத்தலையோடு வந்து திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மூன்று நாள் எடுக்கவில்லை. நான்காவது நாள் எடுத்தவுடன், "அங்க யாரு இருக்கா உங்கூட?" என்றாள். யாரும் இல்லை ஆத்தா என்றேன். விளக்கினேன். பாஸ்போர்ட்டில் பேர் மாறி விழுந்துவிட்டது, முன் கட்டம், பின் கட்டம், எல்லாரும் என்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். கேட்டுக்கொண்டே இருந்தாள். "பெத்த அப்பன் பேரைச் சொல்லி மகனைக் கூப்புடுவானா? எந்த ஊர்லடா கூப்புடுவான்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு" என்றாள். பிறகு, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதுபோல, "சாப்பிட்டாரா?" அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. பத்தொன்பது வருஷமாகப் போட்டு வைத்த சோறு.

நான் சத்தம் போட்டேன். அடுத்த வாரமும் கேட்டாள், அடுத்த வாரமும் சத்தம் போட்டேன். தவமணிதான், அப்போது கல்யாணமான புதிது, "கெழவி கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போங்களேன், உங்களுக்கு என்ன குறைஞ்சிரப் போவுது" என்றாள். ஒருநாள் பதினெட்டாவது மாடி வரை சாரம் ஏற்றிவிட்டு வந்த களைப்பில் சொல்லிவிட்டேன். சாப்பிட்டாரு. ஒரே ஒரு வார்த்தை. அந்த முனையில் ஆத்தா விட்ட மூச்சு இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையிலிருந்து ஒரு ஆளை நான் உண்டாக்க வேண்டியிருந்தது. முதலில் அவனுக்கு ஒரு படுக்கை கொடுத்தேன், கீழ்ப்படுக்கை, முழங்கால் வலி என்பதால். பிறகு ஒரு கண்ணாடி. பிறகு சர்க்கரை. பீடியை விட்டுவிட்டான் என்று சொன்னபோது ஆத்தா சிரித்தாள். ஊருக்கு வருகிறவர்களிடம் மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள், "அவருக்கு வடு பிடிக்கும்" என்று சொல்லி. எனக்கு வடு பிடிக்காது, அவளுக்கு அது தெரியும், தெரிந்திருக்க வேண்டும். தின்றேன். பேசுகிறாயா, கொடுக்கட்டுமா என்று வயிறெரிந்து ஒருநாள் நானே கேட்டேன். "வேணாம், பேசினா கோவம் வந்துரும். சாப்பிட்டா சரி" என்றாள். முகம் பார்க்கிற போன் வந்த பிறகும் கேட்கவில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக் காட்டுவாரு, வெக்கம் இருக்காதா" என்றாள். ரு. வீட்டை விட்டு ஓடியவனுக்கு ரு. மாதம் தவறாமல் அனுப்புகிறவனுக்கு டா. நான் மூன்றாவது தளத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது அவளிடம், அவருக்குக் கையில் அடி என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு அடி என்று சொன்னால், பார்த்துப் போகக்கூடாதா என்று திட்டுவாள். அவருக்கு என்றதும் அழுதாள். போனுக்குள்ளே குலுங்கிக் குலுங்கி அழுதாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கைக்காகத்தான் அழுகிறாள், வேறு ஒருவன் பெயரில் அழுகிறாள், இதுவாவது கிடைத்ததே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிலநேரம் ஒரு பயம் வரும். எல்லாம் தெரிந்தே கேட்டாளோ. என்னைத்தான் கேட்டாளோ. ஆனால் என்னைக் கேட்பதற்கு 'சாப்பிட்டியாடா' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்கு என்ன பஞ்சம்? இருபது வருஷத்தில் அதை எத்தனை தடவை கேட்டாள் என்று யோசித்தால், இந்த நாற்காலி வரிசையின் ஆட்டம் நின்றுவிட்டதுபோல் இருக்கிறது. நாகூர்கனி பாய் தூங்கிவிட்டார்.

நாற்பது நாள் ஆகிறது. நான் வந்து சேர்ந்தபோது ஐஸ் பெட்டியில் கிடந்தாள். பெண்கள் குளிப்பாட்ட வெளியே எடுத்தபோது ஒரு குழப்பம். பூ வைப்பதா வேண்டாமா, குங்குமமா திருநீறா. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் சேலை எடுக்க முடியவில்லை. மேல்வீட்டுப் பெண்கள் இருவர் சிவப்பையும் வெள்ளையையும் வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆத்தாவின் தங்கச்சி, என் சின்னாத்தா, சத்தமாகச் சொன்னாள்: "என்னத்தடி பாக்குறீங்க? மாமா சிங்கப்பூர்ல மவங்கூட இருக்காரு. அக்கா எங்கிட்ட வாராவாரம் சொல்லும், இன்னிக்கு என்ன சாப்பிட்டாரு, எப்பப் படுத்தாருன்னு. செவப்பைக் குடு." ஊருக்கே தெரிந்திருக்கிறது. நான் மட்டும் போனுக்குள் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்திருக்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, பொண்டாட்டி செத்ததுக்குக்கூட அந்த மனுசனைக் கூட்டியாராம ஒத்தையில வந்து நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு புள்ளையா?" பாஸ்போர்ட் முடிஞ்சிருச்சு சின்னாத்தா என்றேன். "யாரு பாஸ்போர்ட்டு?" அவரு பாஸ்போர்ட்டு. அதுதான் வாயில் வந்தது. எவ்வளவு சரியான பொய். அடைக்கலம் என்ற பெயரில் உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒரு பாஸ்போர்ட்தான், அது முடியப்போகிறது. ஆத்தாவுக்கு நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். கிழவி கல்யாணப் பெண்போல் போனாள். ஒருத்தி, கொடுத்து வச்ச மகராசி என்றாள். கொடுத்தது நான். தவமணி சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என் மகள் அபிநயா அவள் சிநேகிதியிடம் போனில், "ஆமாடி, அவரு வந்திருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரு. பதினேழு வயதில் என்னைச் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் பார்த்திருப்பாளா. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். ஆத்தாவுக்காக இருந்த ஆள், ஆத்தாவோடு போகட்டும். முன் கட்டத்தைக் காலி செய்யட்டும்.

என் நாற்பத்தெட்டு, கவுண்ட்டர் பி ஐந்து. எழுந்தேன், நாற்காலி ஆடி பாயை எழுப்பியது. "போங்க தம்பி, ஒரே ஆளா வாங்க" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், மூக்கின் நுனியில் கண்ணாடி. பழைய பாஸ்போர்ட்டையும் விண்ணப்பத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அடைக்கலம், நீலமேகம். இதுல எது உங்க பேரு?" நீலமேகம் மேடம், அடைக்கலம் எங்கப்பா. "இருபது வருசமா அப்பா பேர்லயா போயிட்டு வர்றீங்க?" ஆமாம் என்றேன். "பத்து வருசத்துக்கு முன்னாடி அங்கயே புதுப்பிச்சிருக்கீங்களே, அப்ப ஏன் திருத்தல?" அப்போது அவருக்குக் கண் ஆபரேஷன் மேடம், ஆத்தா தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றா சொல்வது. லீவு கிடைக்கல மேடம் என்றேன். அவர் நல்லவர், எரிந்து விழவில்லை. சான்றிதழை விரலால் தடவிப் பார்த்தார். "திருத்தலாம். பள்ளிக்கூடச் சான்று சரியா இருக்கு. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இது இடம் மாத்தம் இல்ல, கம்ப்யூட்டருக்கு இது வேற ஆளு. பேர் மாத்தமாத்தான் போகும். போலீஸ் விசாரணை புதுசா வரும். ஒரு மாசமும் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம், நான் உறுதி சொல்ல முடியாது. பர்மிட் எப்ப முடியுது?" இருபத்தெட்டு. "இந்த மாசமா? இன்னிக்கே ஒம்பதாச்சே." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பர்மிட்டுல, இன்சூரன்சுல எல்லாம் என்ன பேரு?" அடைக்கலம். "அப்ப நீங்க நீலமேகமாப் போய் இறங்கினா, எங்கய்யா அடைக்கலம்னுதான் கேப்பான்." சும்மாதான் சொன்னார், லேசாகச் சிரித்துக்கொண்டு. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் மேடம். எங்கய்யா அடைக்கலம், ஏன்டா கூட்டியாரல, சாப்பிட்டாரா. "யோசிங்க. மாத்தம் வேண்டாம்னா இப்பவே பழையபடி ஆக்கி விடுறேன், ஒரு வாரத்துல வீட்டுக்கு வந்துரும். பின்னாடி ஆள் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் ரேகை அழிந்த விரலை வைத்துக்கொண்டு ஊரில் எந்தச் சாரத்தில் ஏறுவது. அபிநயாவுக்கு அடுத்த வருஷம் காலேஜ். தவமணி கட்டிக்கொண்டிருக்கும் மேல்தளத்துக்கு இன்னும் கூரை போடவில்லை. இதெல்லாம் சரியான காரணங்கள், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் அவற்றை நான் நினைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நினைத்தது வேறு. நீலமேகம் என்று அந்தப் புத்தகத்தில் அடித்தால், அந்த ஆளைப் பற்றி வாராவாரம் யாராவது கேட்பார்களா? நீலமேகத்துக்கு ஊறுகாய் அனுப்பியவள் யார்? நீலமேகத்தின் கைக்காக அழுதவள் யார்? அவனை யாருக்குமே தெரியாது. இருபது வருஷம் ஒருவன் எழுந்தான், வேலைக்குப் போனான், விழுந்தான், கண்ணாடி போட்டான், அவனைப் பற்றி ஒருத்தி பைத்தியம்போல் நினைத்துக்கொண்டிருந்தாள், அவன் பெயர் அடைக்கலம். பின் கட்டத்தில் கிடந்தவன் வெறும் சம்பளம். சட்டையைக் கிழித்த அந்தப் பையன், பதினோரு வயதுக்காரன், கண்ணாடியில் என் முகத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லிவிடாதே சொல்லிவிடாதே என்றான். பழையபடியே போட்டுருங்க மேடம் என்றேன். "நல்லா யோசிச்சீங்களா?" யோசிச்சேன். இரண்டு தட்டு தட்டினார். அவ்வளவுதான். கிணற்றில் பாதாளக்கரண்டி போட்டபோதுகூட வாளியும் குடமுமாவது வந்தன.

சி கவுண்ட்டரில் நிமிர்ந்து பார்க்காத ஓர் அதிகாரி. "பேரு?" அடைக்கலம். என் வாயால், சத்தமாக, முதல்முறை. மற்றவர்கள் கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறேனே தவிர நானாக அப்படிச் சொன்னதில்லை. பல் எதுவும் ஆடவில்லை. "அப்பா பேரு?" அடைக்கலம். இப்போது நிமிர்ந்தார். "உங்க பேரைக் கேக்கலைங்க. அப்பா பேரு." அதுவும் அடைக்கலந்தான் சார். "அப்பன் பேரையே மகனுக்கு வைப்பாங்களா? தாத்தா பேருதானே வைப்பாங்க." எங்க வீட்ல வச்சுட்டாங்க சார். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "பத்து வருசத்துக்குக் கவலை இல்ல, போங்க." வாசலில் நாகூர்கனி பாய் மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார், அவர் வேலை எனக்கு முன்னாலேயே முடிந்துவிட்டதாம். "ரெண்டு என்னுல ஒண்ணைத் தூக்கிட்டாங்க தம்பி, இனிமே நான் ஒரே ஆளு. உங்களை?" என்னையும் ஒரே ஆளா ஆக்கிட்டாங்க பாய் என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மனதார.

வெளியே வெயில், கண் கூசியது, குளிர்பெட்டிக் காற்றில் விறைத்த தலை மெதுவாகச் சூடானது. போன் ஒரு தடவை அதிர்ந்தது, மதிப்பிற்குரிய அடைக்கலம் என்று குறுஞ்செய்தி. உடனே இன்னொரு தடவை அதிர்ந்தது, தவமணி. "முடிஞ்சுதாங்க?" முடிஞ்சுது. "ஒண்ணும் தகராறு இல்லையே?" இல்ல. "எப்ப வரும்?" ஒரு வாரம். "நல்லவேளை. இருபத்தெட்டுக்குள்ள வந்துரும்ல, எனக்கு அதே நெனப்பு." அவள் குரலுக்குப் பின்னால் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, யாருக்கும்மா சோறு போடுற என்று அபிநயா கேட்பதும் காதில் விழுந்தது. வேறு எதையாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன், இன்றைக்கு நான் என்ன செய்யப் போனேன், என்ன செய்துவிட்டு வந்தேன் என்று. அதற்குள் தவமணி, "மணி ரெண்டாவப் போவுது, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாப்பிட்டாரு என்றேன்.